தமிழருக்குக் கொடுக்காத பெட்டி

மருந்தாளராக வேலை செய்த கடைசி ஆண்டுகளில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். எல்லாருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்று அரசாங்கம் சொன்ன ஒரு மருந்தை வெள்ளையருக்குக் கொடுத்தேன், கறுப்பருக்குக் கொடுத்தேன், பிலிப்பினோக்காரருக்கும் சீனருக்கும் கொடுத்தேன். தமிழருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். வாய்விட்டுக் கேட்டு வந்த ஒரு தாயைக்கூட வெறுங்கையோடு அனுப்பினேன். அவளுடைய மகனுக்கு நேர்ந்ததில் என் பங்கு என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இளம் மருந்தாளர்கள் சிலர் தங்கள் ஒன்றுகூடல் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். போதைப் பாவனையாளர் தாதியின் கண்பார்வையில் ஊசி ஏற்றிக்கொள்ளும் நிலையங்களில், பாடசாலைகளுக்கு அருகே இருந்தவற்றை மாகாண அரசு மூடிவிட்டு, சிகிச்சை மையங்களைத் திறக்கிறது. அது சரியா, பிழையா, உங்கள் அனுபவத்தில் என்ன நினைக்கிறீர்கள் என்பது அவர்களுடைய கேள்வி. எனக்கு அதற்கு விடை தெரியாது. சட்டமும் திட்டமும் மேலே எங்கேயோ உருவாகின்றன. கடைசியில் ஏதோ ஒரு கவுண்டரில், யாரோ ஒருவனின் கைக்கு வந்து நிற்கின்றன. என் கைக்கு வந்தபோது நடந்ததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

படித்தது கொழும்பில். இங்கே வந்து முதலில் பெற்றோல் நிலையத்தில் நின்றேன், பிறகு கோப்பிக் கடையில். பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்து வெள்ளை மேலங்கியைப் போட்டபோது தலையில் பாதி நரைத்துவிட்டது. எனக்கு வேலை தந்தவர் சமீரா. எகிப்தில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வோபர்ன் என்ற பகுதியில் ஒரு சிறிய பிளாசாவில், ரொட்டிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே இருந்தது அவருடைய மருந்துக்கடை.

சமீராவிடம் நான் கற்ற மருத்துவத்தில் பாதி, மெதடோன் கொடுக்கும்போது கற்றது. ஓபியம் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்கு அந்த ஆசையை அடக்குவதற்காக நாள்தோறும் கொடுக்கும் மருந்து அது. தோடம்பழச் சாறு போன்ற ஒரு பானத்தில் கலந்து ஒரு சிறு போத்தலில் வைத்திருப்போம். ஆள் வந்ததும் முகத்தைப் பார்க்க வேண்டும். கண் சொருகினால், நாக்குத் தடுமாறினால் கொடுக்கக்கூடாது. நேற்று வந்தாரா, முந்தாநாள் வந்தாரா என்று பார்க்க வேண்டும். நாட்கள் விடுபட்டிருந்தால் வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்காமல் பழைய அளவைக் கொடுக்கக்கூடாது. பிறகு எங்கள் கண்முன்னே குடிக்க வேண்டும். குடித்த பின் தண்ணீர் குடித்து, நாலு சொல் பேச வேண்டும். வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்றுவிடாமல் இருப்பதற்காகத்தான் அந்தப் பேச்சு.

அநேகமான மருந்துக்கடைகளில் 'நன்றி' என்று சொன்னாலே போதும். சமீரா அதை விடமாட்டார். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து பக்கத்தில் நிற்பார். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றைக் கேட்பார். "நேற்று இரவுச் சாப்பாட்டை எப்படிச் சமைத்தாய்?" "உன் அக்காவோடு போட்ட சண்டை எப்படி முடிந்தது?" ஒருமுறை, கூரை வேலை செய்யும் ஒரு முரட்டு மனிதர் பன்றி விலா சுடும் முறையை நின்ற நிலையில் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது. நான் சமீராவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் போன பிறகு சமீரா சொன்னார்: "இன்றைக்கு அந்த மனிதரோடு வேறு யார் பேசப் போகிறார்கள்? வரிசை நிற்கட்டும்."

அந்தக் காலத்தில்தான் நலொக்சோன் வந்தது. ஓபியம் வகை மருந்து கூடிப்போய் மூச்சு அடங்கும்போது, மூக்கில் ஒருமுறை அடித்தால் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரக்கூடியது. தெருவில் விற்கும் குளிசைகளில் ஃபெண்டனில் என்னும் கடுமையான ஓபியம் வகை மருந்து கலந்து, ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இறந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்கடைகள் அதை இலவசமாகக் கொடுக்கலாம், வைத்தியர் எழுதித் தரத் தேவையில்லை என்று மாகாணம் அறிவித்தது. முதலில் சுகாதார அட்டை காட்ட வேண்டியிருந்தது. பிறகு அதுவும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றார்கள். யாருக்காக என்றுகூடக் கேட்கத் தேவையில்லை. இரண்டு மூக்குத் தெளிப்பான்கள், கையுறை, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும்போது வாய்க்கு மேல் போடும் ஒரு மெல்லிய தடுப்பு. எல்லாம் ஒரு சிறு பெட்டிக்குள்.

சமீரா ஒரு முறை வைத்தார். ஓபியம் வகையைச் சேர்ந்த பலமான வலிமருந்து வாங்கும் எவருக்கும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பெட்டியைப் பையோடு வைத்து இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது, "பெட்டியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் மறுபடியும் விளக்கம்.

நான் அதைச் செய்தேன், தமிழர் வரும்வரை. முழங்கால் சத்திரசிகிச்சை செய்த ஒரு அன்ரி முன்னால் நிற்பார். என்னோடு படித்தவனின் மைத்துனியாக இருப்பார், அல்லது கோயிலில் எனக்குப் பக்கத்தில் நிற்பவராக இருப்பார். அவருடைய கையில் அந்தப் பெட்டியை வைத்தால் 'உங்கள் வீட்டில் போதைக்காரன் இருக்கிறான்' என்று சொன்னது போலாகும் என்று எனக்குப் பட்டது. பின்னால் நிற்பவரும் தமிழர். மாலைக்குள், தமிழர் நிறைய இருக்கும் மோர்னிங்சைட் வரைக்கும் கதை போய்விடும். பெட்டியை எடுக்காமல் பையை மடித்துக் கொடுத்துவிடுவேன்.

சமீரா கவனித்துவிட்டார். "உங்கள் ஆட்கள் யாருமே பெட்டி கொண்டுபோவதில்லையே" என்றார்.

"அவர்கள் கோபிப்பார்கள்" என்றேன்.

"கேட்டுப் பார்த்தீர்களா?"

"கேட்டுப் பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

என்னை நம்பினார். அதை நினைக்கும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

லோகா என்னுடைய பள்ளித் தோழன் ஒருவனின் தங்கை. கணவரோடும் மகன் நிருவோடும் மோர்னிங்சைட்டில் குடியிருந்தாள். நிரு மில்லிக்கன் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்தவன். அடுக்கு சரிந்து தோள் உடைந்தது. வைத்தியர் எழுதிய வலிக் குளிசைகளை நான்தான் எண்ணிக் கொடுத்தேன். சில மாதங்களில் நாளுக்கு முன்னரே வரத் தொடங்கினான். "அங்கிள், குளிசை சிங்குக்கை கொட்டுப்பட்டுப் போச்சு" என்றான் ஒருமுறை. இன்னொரு முறை பை தொலைந்துபோனது என்றான். நான் வைத்தியருக்கு அறிவித்தேன், அவர் குளிசையைக் குறைத்து நிறுத்தினார். அதன் பிறகு நிரு எங்களிடம் வரவில்லை. வலி போனதால் வராமல் விட்டான் என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாள் அல்ல.

லோகா தன்னுடைய பிரஷர் குளிசைக்காக மாதம் தவறாமல் வருவாள். ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். குளிசையை வாங்கிய பிறகும் நகராமல் நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். கோயிலிலை ஒரு மனிசி சொன்னவ, மூக்குக்கை அடிக்கிற மருந்தொண்டு கவுண்மேந்து சும்மா குடுக்குதாம். மூச்சில்லாமக் கிடக்கிற ஆக்களை எழுப்புமாம். அவவுக்கு ஒண்டு எடுக்கலாமோ எண்டு."

நான் கேட்ட கேள்வியைப் பாருங்கள். "ஆர் அந்த மனிசி?"

"உங்களுக்குத் தெரியாத ஆள்."

"அப்ப அவவை வரச்சொல்லும்."

"அவ வரமாட்டா, அண்ணை. வெக்கப்படுறா."

அந்த மனிசி யார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்துச் சொன்னேன்: "உது போதை எடுக்கிற ஆக்களுக்குப் பிள்ளை. எங்கட சனத்துக்கு உது என்னத்துக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார். லோகாவும் சிரித்தாள். "அதுதானே" என்று சொல்லி, குளிசைப் பையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நிருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்லக்கூடாது என்பது சட்டம். அதற்குப் பின்னால் நான் பல நாள் ஒளிந்திருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்காமலே பெட்டியை எடுத்து நீட்டியிருக்கலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. அதைச் செய்யச் சொல்லித்தான் சட்டமே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட முடியவில்லை. லோகாவின் கணவர் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டோடு வந்தார். சவரம் செய்யாத முகம்.

"நிரு தப்பியிட்டான்" என்றார் முதலில். பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளிக்கப் போனவன் வெளியே வரவில்லை. "கதவை உடைச்சுப் பாத்தா, உதடெல்லாம் நீலம். லோகா அவன்ரை நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தவ. வேறை என்ன செய்யிறதெண்டு ஆருக்குத் தெரியும்? நான் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு யோசிச்சனான், அண்ணை. பொலிஸ் வந்து பெடியனைக் கொண்டுபோவாங்களோ எண்டு."

உயிர் காக்க அழைப்பவரையும், மயங்கிக் கிடப்பவரையும், போதைப் பொருள் வைத்திருந்தார்கள் என்று பிடிக்கக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அதுவும் எனக்குத் தெரியும். அதையும் நான் ஒரு தமிழருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அம்புலன்ஸில் வந்தவர்கள் அதே மருந்தை அவனுடைய மூக்கில் அடித்தார்கள். எழும்பினான். ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாத நேரம் கூடிப்போயிருந்தது. சொற்கள் மெதுவாகத்தான் வந்தன. இடது கை நடுங்கியது. நடை தள்ளாடியது.

லோகாவின் கணவர் போனதும் பின்பக்க அறைக்குப் போய்ச் சமீராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. சிரித்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து உங்களை நம்பினேன்" என்றார். "நானே அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். என் அம்மா இருந்திருந்தால், வேண்டுமா என்று கேட்டால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்காமல் கையில் வைக்கச் சொன்னேன்."

என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. அடுத்த நாள் முதல் தமிழர் யார் வந்தாலும் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டி பையோடு போகிறதா என்று பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் நான் இரண்டு நிமிடம் பேசுகிறேனா என்று மணிக்கூட்டைப் பார்த்தார். யாரும் கோபிக்கவில்லை. ஒருவர், "உதுக்கு எக்ஸ்பயறி இருக்கோ?" என்று கேட்டார். இன்னொருவர், "சும்மா எண்டா இரண்டு தாங்கோவன்" என்றார்.

லோகாவின் வீட்டுக்குப் போக எனக்குப் பல வாரங்கள் எடுத்தன. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நிரு அறையில் தூங்கினான். நான் கதிரையின் நுனியில் இருந்து சொன்னேன்: "பிள்ளை, அண்டைக்கு நீர் ஆருக்குக் கேட்டனீர் எண்டு எனக்கு விளங்கினது. விளங்கியும் தராமல் விட்டனான்."

"தெரியும்" என்றாள். "நீங்கள் சிரிச்சியள். நானும் சிரிச்சன். வீட்டை வந்து, நல்லகாலம் அண்ணைக்கு விளங்கேல்லை எண்டு என்னையே ஏமாத்தினன்." எழுந்து நின்றாள். "தேத்தண்ணி குடியுங்கோ."

தேநீர் வந்தது. சீனி அளவாக இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை எதிரே இருந்தாள். அடுத்த மாதம் தன்னுடைய மருந்துச் சீட்டை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டாள். கோயிலில் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

நிரு மட்டும் எங்களிடம் வந்தான். வைத்தியர்கள் அவனுக்கு மெதடோன் தொடங்கியிருந்தார்கள். அவனுடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு மருந்துக்கடை இருந்தும், பஸ் எடுத்து வோபர்னுக்கு வந்தான். சமீரா அவனுக்குப் பக்கத்தில் நின்று, "இன்றைக்கு பஸ்ஸில் யார் என்ன சண்டை போட்டார்கள்?" என்று கேட்பார். ஒரு வசனத்தை முடிக்க அவனுக்கு நேரம் எடுக்கும். அவர் அசையமாட்டார். மாதங்கள் போக, கதைகள் நீண்டன. பொய்யும் கலந்தான் என்று நினைக்கிறேன். ஒரே பஸ்ஸில் அவ்வளவு சண்டை நடக்காது.

அவனுடைய அம்மா கேட்டும் பெட்டியைக் கொடுக்காததை ஒருநாள் அவனிடமும் சொன்னேன். போத்தலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"அங்கிள், நான் எடுத்தது... தெருவிலை. உங்களிட்டை இல்லை. அது என்ரை வேலை." தண்ணீரைக் குடித்தான். "ஆனா அம்மாட்டை அதைக் குடுத்திருக்கலாம். ஜஸ்ட்... குடுத்திருக்கலாம்."

"ஓம்" என்றேன்.

"ஓகே" என்றான். பிறகு பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொன்னான்.

அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றேன். ஓய்வில் செய்ய எனக்கு ஒரு வேலைதான் இருந்தது: அந்தப் பெட்டியைத் தமிழரிடம் கொண்டுபோவது. முதலில் ஒரு கோயில் நிர்வாகத்திடம் போனேன். "ஐயா, கோயிலுக்கை உது சரிவராது. நீங்கள் டயபெட்டிஸைப் பற்றிப் பேசுங்கோவன்" என்றார்கள். அடுத்ததாக முதியோர் ஒன்றுகூடல் ஒன்றில் இடம் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். பஜனை, உடற்பயிற்சி, வடை, தேநீர். முதல்நாள் சமீராவும் பெட்டிகளோடு வந்திருந்தார். நான் பேசி முடித்து, "ஆருக்கு வேணும்?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. செயலாளர் தங்கராசா அண்ணை நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்: "தம்பி, உதை அடிச்சா என்ரை மனிசி காலமை வெள்ளண எழும்புவாவோ?"

"உங்களுக்குத் தேத்தண்ணி போடவோ? உங்களுக்குத்தான் அடிக்கவேணும்" என்றார் அவர் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். பெட்டிகள் எல்லாவற்றையும் சமீரா திரும்பக் காரில் ஏற்றினார். "மறுபடியும் கேட்டுவிட்டீர்கள்" என்றார் என்னிடம்.

அடுத்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது எல்லாருக்கும் ஒரு பையில் வடையும் வாழைப்பழமும் கொடுப்பது அங்கே வழக்கம். முறையைச் செய்து காட்டிவிட்டு, தங்கராசா அண்ணையின் சம்மதத்தோடு, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பெட்டி வைத்தோம். வேண்டாம் என்றால் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னோம். மேசை வெறுமையாகவே இருந்தது. எல்லாருடைய பையிலும் இருந்தால் அது யாருடைய வீட்டையும் காட்டிக்கொடுக்காது. இவ்வளவு எளிய விஷயத்தைச் சமீரா எனக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்து காட்ட ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுபோவேன். நிரு அதைக் கேள்விப்பட்டு, "பொம்மை என்னத்துக்கு? நான் படுக்கிறன்" என்றான். தனக்கு அதில் அனுபவம் இருக்கிறதாம். வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தேன். அவன் விடவில்லை. மண்டபத்தின் நடுவே பாயில் மல்லாந்து படுப்பான். அன்ரிமார் ஒவ்வொருவராக வந்து தோளை உலுப்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மருந்தில்லாத பழகும் தெளிப்பானை மூக்கில் வைத்துப் பழகுவார்கள். "பாவம், நல்ல வடிவான பெடியன். இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?" என்று அவனுக்கு மேலாகவே பேசிக்கொள்வார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குவான்.

அவனைக் கூட்டிக்கொண்டு வருபவள் லோகா. காரை விட்டு இறங்கமாட்டாள். மண்டபத்து யன்னல் வழியே பார்த்தால் ஸ்டியரிங்கில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

சென்ற மாசி மாதம், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, லோகாவின் காரில் சூடாக்கி வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமல் உள்ளே வந்து கடைசி வரிசையில் இருந்தாள். நான் அவளைப் பார்க்காமலே பாடத்தை நடத்தினேன். அன்ரிமார் முடித்துவிட்டு வடைக்குப் போனார்கள். நான் தெளிப்பானைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிரு பாயில் இருந்து எழும்பவில்லை.

"அம்மா" என்றான். "வாங்கோ."

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். முழங்கால் நோவோடு மெல்லக் குனிந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். தோளைப் பிடித்து உலுப்பினாள். "நிரு" என்றாள். இன்னொரு தரம் பலமாகக் கூப்பிட்டாள். வடை மேசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தெளிப்பானை அவள் கையில் வைத்தேன். அதை மூக்கில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழும்பாட்டி?"

"இரண்டு மூண்டு நிமிசம் பாத்திட்டு மற்ற மூக்கிலை அடிக்கவேணும். பெட்டிக்கை இன்னொண்டு இருக்கு."

"அதுக்கும் எழும்பாட்டி?"

"அம்புலன்ஸ் வருமட்டும் நாங்கள் அவனுக்கு மூச்சுக் குடுத்துக்கொண்டு இருக்கவேணும், பிள்ளை."

"எப்பிடியெண்டு காட்டுங்கோ."

நானும் பாயின் மற்றப் பக்கத்தில் மண்டியிட்டேன். அவனுடைய நெற்றியில் ஒரு கையை வைத்து, மற்றக் கையால் வாய்க்குக் கீழே நாடியைப் பிடித்து உயர்த்தி, மூச்சுப் போக வழி திறக்கும்படி தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் காட்டினேன்.

"அங்கிள், உங்கட கை ஐஸ் மாதிரி" என்றான் நிரு, கண்ணைத் திறக்காமல்.

"மயங்கிக் கிடக்கிறவன் கதைக்கிறேல்லை" என்றாள் லோகா. "பேசாமக் கிட."

பிறகு என் கையை விலக்கிவிட்டு, நான் காட்டியபடியே அவனுடைய நாடியைப் பிடித்து உயர்த்தினாள்.